ஊட்டுப்புரையில் வந்த கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையில் குடும்பங்களோடு ஒரு காலை – நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஒரே தடம்தான். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, மத்தியானம் திற்பரப்பு அருவி, சாயங்காலம் கன்னியாகுமரி கடற்கரை. இதில் அரண்மனைக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். பிள்ளைகள் வரிசையாக நுழைவார்கள், முன்னால் போகிறவனின் தோளைப் பிடித்தபடி மாடி ஏறி இறங்குவார்கள், வெளியே வந்து ஐஸ் வாங்கித் தின்பார்கள். குடும்பமாக வருகிறவர்களின் கதையும் பெரிதாக வேறில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடம் அது. உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று அங்கே போவது அபூர்வம்.

தக்கலைப் பக்கம் உள்ள ஒரு சிறிய வாசகசாலை, ஆடிச் சாரல் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை அங்கே அழைத்துப் போனது. நாலு வயதுப் பொடியனும் வந்தான், எழுபது தாண்டிய பாட்டா, பாட்டிகளும் வந்தார்கள். உதவிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். வேறு வாசகசாலைகளோ பள்ளிகளோ இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். அரண்மனையின் தொடக்கத்தை 1601 வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் வைப்பார்கள். அதிலுள்ள தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை) அதற்கும் மூத்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அதை விரித்துக் கட்டினார். அதுவரை இங்கிருந்த திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1 அன்று இந்த வட்டாரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே இருந்தது, இன்றும் அப்படித்தான். ஆகவே, குழுவாக ஓரிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏதாவது செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே அங்கே பேசி வைப்பது நல்லது. அறைக்கு அறை நிற்கும் வழிகாட்டிகள் மலையாளமும் தமிழும் கலந்து விளக்குவார்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

எல்லாவற்றையும் பார்ப்பதில்லை என்பதுதான் ஏற்பாட்டில் நாங்கள் எடுத்த முதல் முடிவு. பூமுகம் (முகப்பு மண்டபம்), கருந்தளம் (கறுப்புத் தரை), அடுக்களை, ஊட்டுப்புரை (சாப்பாட்டுக் கூடம்) என நாலே இடங்களில் மட்டும் நின்று வேலை செய்வது, மற்றதையெல்லாம் நடந்தபடி பார்ப்பது. மன்னர் படுத்த மூலிகைக் கட்டில், மணிமாளிகைக் கடிகாரம், படையில் சேர வந்தவர்கள் 101 தடவை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று சொல்லப்படும் உருண்டைக்கல் ஆகிய பிரபலங்கள் பட்டியலில் இல்லை. இதைக் கேட்டதும் இரண்டு அப்பாக்களுக்கு முகம் சுருங்கியது. டிக்கெட் எடுத்துவிட்டு மூலிகைக் கட்டிலைப் பார்க்காமல் வருவதா? பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வழிகாட்டிகள் அந்தக் கதையை நன்றாகவே சொல்வார்கள், அதற்கு நாங்கள் எதற்கு?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு படைப்பின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக 27 வினாடிதான் என்று கணக்கு வந்தது. மிகப் புகழ்பெற்ற ஓவியங்களின் கதியே அதுவென்றால், கூட்டத்தோடு நகரும் அரண்மனையில் ஒரு விட்டத்தை எத்தனை வினாடி பார்ப்போம்? பார்க்கும் பொருளைக் குறைத்தால்தான் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது முடிவு பெரியவர்களைப் பற்றியது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் உண்மையில் சமாளிக்க வேண்டியது பெரியவர்களைத்தான். ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ வகைத் தாளைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளை ஜன்னல் பக்கம் போய்விடும், அம்மா பலகையைப் பார்த்து விடை எழுதிக்கொண்டிருப்பார். அதனால் வினாத்தாளே கிடையாது. பிள்ளை முதலில் பேசும் வரை பெரியவர் விளக்கம் சொல்லக் கூடாது. கேட்பதானால் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கலாம்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் ஓவியம் பார்ப்பதற்காக உருவாக்கிய முறை இது. மரச்சிற்பத்துக்கும் அம்மிக்கும்கூடச் சரியாகவே பொருந்துகிறது.

கண்ணாடியும் காலும்

பூமுகத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று சொல்வது வழக்கம். அண்ணாந்து பார்த்தால் அரை நிமிடத்தில் கழுத்து வலிக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். அதனால் குடும்பத்துக்கு ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி கொடுத்தோம், ஓரத்தில் பிளாஸ்டிக் சட்டம் போட்டது. அதை வயிற்றோடு சேர்த்து மல்லாத்திப் பிடித்தால் கூரை கைக்குள் வந்துவிடும். கண்ணாடி சிறியது என்பதால் நாலு தலையும் ஒன்றாகக் குனிந்தாக வேண்டும். யாராவது ஒருவர் அசைந்தாலும் பூ நகர்ந்துவிடும், ‘ஆடாத லே’ என்று சத்தம் வரும். பிலடெல்ஃபியாவிலும் கேம்டனிலும் நாலு நிறுவனங்கள் சேர்ந்து 1990களில் குடும்பக் கற்றலை ஆராய்ந்தன. ஒரு காட்சிப்பொருளைக் குடும்பம் சுற்றி நிற்க இடம் வேண்டும், ஒரே நேரத்தில் பல கைகளுக்கு வேலை வேண்டும் என்பது அவை கண்டவற்றில் சேரும். கூரையை நாம் மாற்ற முடியாது. கண்ணாடி அந்த வேலையைச் செய்தது.

பூக்களை எண்ணச் சொல்லவில்லை. ‘ஒரே மாதிரி இரண்டு பூவைக் கண்டுபிடி’ என்றோம். வழக்கமாகச் சொல்லப்படுவது பொய் என்று காட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகமே வேறு. கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள். ‘இதழ் எண்ணிப் பாரு’, ‘நடுவில மொட்டு இருக்கு, இதில இல்ல’ என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தாளில் இரண்டு பூக்களும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து இருக்கின்றன. எனக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரிகிறது.

பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பழைய மரத்திலும் தளத்திலும் மை பட்டால் போகாது. பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னால் அவர்களே காவல்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். பாக்கெட்டில் பேனாவோடு வந்த ஒரு மாமாவை வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

அடுத்தது கருந்தளம். செருப்பை எப்படியும் வாசலில் கழற்றத்தான் வேண்டும், அதையே செயல்பாடாக்கிக்கொண்டோம். முற்றத்து மண், கல்படி, மரப்படி, கருந்தளம் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று, காலுக்கு எது சில்லென்று இருக்கிறது, எது சொரசொரப்பு, எது வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும். எழுத்து தேவையில்லை என்பதால் நாலு வயதுப் பொடியனும் இதில் சமபங்காளி. பூமுகத்துக்கு மேலே இருக்கும் மந்திரசாலையில் (மன்னரின் ஆலோசனைக் கூடத்தில்) இதைச் செய்வதாகத்தான் திட்டம், ஆனால் அந்த மரப்படி செங்குத்தானது. முட்டுவலியோடு வந்த பாட்டிகள் கீழேயே நின்றுவிட்டார்கள். கீழே உள்ள அறைகளிலும் அதே கருந்தளம் இருப்பதால் அங்கேயே வைத்துக்கொண்டோம். அது நல்லதாகப் போயிற்று என்பது பிறகு தெரிந்தது.

தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்ட தளம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அன்று வழிகாட்டி அதைச் சொல்லி முடிக்கவும், குனிந்து தளத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ‘நாங்களும் வீட்டுத் தரைக்கு இப்பிடித்தானே செய்வோம்’ என்றார். சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அம்மியில் அரைத்து, சாணியோடு குழைத்து மெழுகி, காய்கிற பதத்தில் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டுமாம். எந்தத் திசையில் தேய்ப்பது, எத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்து தேய்ப்பார்கள், தேய்க்கும்போது என்ன சத்தம் வரும் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பேரனுக்கு அந்தப் பாட்டியைச் சோறு போடுகிறவராகத்தான் தெரியும். அவன் வாயைப் பிளந்து கேட்டான். அதுவரை செல்போனில் அரண்மனையின் வரலாற்றைத் தேடிப் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்த மாமா போனைப் பைக்குள் வைத்தார். வழிகாட்டியும் ‘அம்மச்சி, எந்தக் கல்லு? ஆத்துக் கல்லா?’ என்று அவரிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அடுக்களையில் விளையாட்டு இன்னும் எளிது. அம்மி, ஆட்டுரல், உரல் போன்ற பழைய கல்சாமான்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று பிள்ளைகள் கேட்கலாம். பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நடித்துக் காட்ட வேண்டும். ஒரு பாட்டா தேங்காய் துருவும் சிரவையில் உட்காருவது போலக் காலை மடக்கி உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். சிரிப்பு அடங்கச் சில நிமிடம் ஆனது. சுற்றுலா வந்த வேறு ஊர்க்காரர்களும் நின்று பார்த்தார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள்.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. தாய்க்கொட்டாரத்து நாலுகெட்டில் ஒதுங்கி நின்றோம். திட்டத்தில் இல்லாத நிறுத்தம்தான். நாலு பக்கச் சரிவிலிருந்தும் நடு முற்றத்தில் தண்ணீர் கொட்ட, இவ்வளவும் எங்கே போகிறது என்று பிள்ளைகள் ஓடை தேட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊட்டுப்புரை

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். இரண்டு மாடி, மாடிக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லப்படும் நீண்ட கூடம். நாங்கள் வைத்திருந்தது கணக்கு. பிள்ளைகள் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்து, ஒருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நூலால் அளந்தார்கள். இரண்டடி வந்தது. இரண்டாயிரம் பேரை ஒரே பந்தியாக உட்காரவைத்தால் 4,000 அடி, அதாவது ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ‘தக்கலை ஜங்ஷனுக்குப் பாதி வழி வரும்’ என்றான் ஒருவன். ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் 300 கிலோ, 25 கிலோ மூடை என்றால் 12 மூடை. ஒரு வேளைக்கு! எத்தனை இலை, எத்தனை தேங்காய், இலை எடுத்து முடிக்க எவ்வளவு நேரம் என்று கணக்கு நீண்டுகொண்டே போனது. கணக்கென்றால் ஓடுகிற பையன்கள்தான் சத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை தன் பாட்டாவிடம் கேட்டாள்: ‘பாட்டா, நம்ம ஆளுவளும் இங்க இருந்து சோறு தின்னாவளா?’

பாட்டா உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், ‘இல்ல மக்கா. கருப்பட்டி காய்ச்சிக் கொண்டாந்து குடுத்திருப்பாவ. இருந்து தின்ன விட்டிருக்க மாட்டாவ’ என்றார்.

திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு அன்னமிட நடத்தப்பட்டவை. எங்கள் குழுவில் வந்திருந்த குடும்பங்களில் பெரும்பாலோருடைய முன்னோருக்கு இந்தக் கூடத்தில் இலை விழுந்திருக்காது. எங்கள் திட்டத்தாளில் அரிசிக் கணக்கு இருந்தது, இந்தக் கேள்வி இல்லை.

பிள்ளை விடவில்லை, ஏன் என்று கேட்டாள். பாட்டா தன் அப்பாவின் கதையைச் சொன்னார். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே போராட வேண்டியிருந்ததை, எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று 1936இல் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகே அவர் அப்பா, அப்போது இளவட்டம், முதல்முதலாகக் கோயிலுக்குள் போனதை. ‘உள்ள போயி என்ன செய்யணும்னே அவருக்குத் தெரியலயாம்’ என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு அக்கா நாலு வரி சொன்னாள். அது 1859 அரசாணை வரை நீண்ட போராட்டம், அந்தக் காலத்தில் தலைநகர் திருவனந்தபுரம், இந்த அரண்மனை அல்ல. அதையும் சேர்த்தே சொன்னாள். காலக்கணக்கை இங்கே குழப்பிவிட்டால் பிள்ளைகள் எல்லாக் குற்றத்தையும் கண்முன் நிற்கும் கட்டடத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள்.

ஒரு அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ‘சின்னப் பிள்ளைகளுக்கு இப்பவே இதெல்லாம் எதுக்கு, ஒருத்தரை ஒருத்தர் வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சிரும்’ என்று என்னிடம் தனியாகச் சொன்னார். குழுவில் பல சாதி, பல மதக் குடும்பங்கள் இருந்தன. அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் என் கருத்து வேறு. கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தது. பதில் அவளுடைய பாட்டாவிடமிருந்து, அவர் வீட்டுக் கதையாக வந்தது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்’ என்று மழுப்பியிருந்தால் அது அந்தப் பாட்டாவையே அவமதிப்பதாகியிருக்கும். அரண்மனை, கோட்டை, கோயில் எனப் பழைய அதிகாரத்தின் கட்டடங்களுக்குக் குடும்பங்களைக் கூட்டிப்போகும் யாரும் இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் போக வேண்டும். தயாராவதென்றால் உரை எழுதி வைப்பது இல்லை. பேசக்கூடிய பெரியவர் ஒருவரிடம் முன்னாலேயே, ‘பிள்ளைகள் கேட்டால் சொல்வீர்களா?’ என்று கேட்டு வைப்பது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘எல்லோரையும் உள்ளே விடவில்லை, பிறகு போராடி மாற்றினார்கள்’ என்பதே போதும். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை, இலைக் கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள்.

பிறகு நடந்தது

என்ன கற்றுக்கொண்டார்கள் என்று தேர்வு வைக்கவில்லை. மறுவாரம் வாசகசாலையில், வீட்டிலிருந்து பழைய சாமான் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். கூடவே மூன்று வரிச் சீட்டு: யார் வைத்திருந்தது, எதற்கு, அது என்ன சத்தம் போடும். பெரியவர் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். சத்தம் என்ற மூன்றாவது வரிதான் சீட்டுகளைக் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் எல்லாம் பாடப்புத்தக வரிகளாகத்தான் வந்திருக்கும்.

நாழி வந்தது, வெற்றிலைச் செல்லம் வந்தது, மூடி உடைந்த பரணி வந்தது. ‘மாங்கா போட்டது. திறந்தா இப்பவும் மணம் வரும். சத்தம் போடாது, பாட்டிதான் போடுவா’ என்று பரணிக்கு ஒரு சீட்டு. கடற்கரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு அக்கா தன் அப்பாவின் வலைபின்னும் ஊசியைக் கொண்டுவந்தார். ஊட்டுப்புரையில் கேள்வி கேட்டவள் கொண்டுவந்தது பாளை அரிவாள். பாட்டா பனையேறியவர். அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது, பிடியில் அவர் கை பட்ட இடம் மட்டும் பளபளப்பு. சீட்டில் ‘விடியக்காலம் ஏறணும். சீவும்போது சரக் சரக். இது செஞ்ச கருப்பட்டிதான் கொட்டாரத்துக்குப் போயிருக்கும்’ என்று எழுதியிருந்தாள். கடைசி வரி அவளுடைய சொந்த ஊகம். பாட்டா பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தலைநகர் இங்கிருந்து போய்விட்டது. அதைத் திருத்தலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. சீட்டை அப்படியே விட்டுவிட்டு, அவளிடம் 1795 என்ற ஆண்டை மட்டும் சொன்னோம். அவளே ‘போயிருக்கும்’ என்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

வருத்தப்பட்ட அந்த அம்மாவும் மகனோடு வந்திருந்தார். அவர் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் பாளை அரிவாள் இருந்த மேசையில் மகன் நெடுநேரம் நின்றதைத் தடுக்கவில்லை.

செலவு பெரிதில்லை. கண்ணாடி, பென்சில், அட்டை, நூல் அவ்வளவுதான். டிக்கெட் அவரவர் எடுத்தார்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கும் அடைப்பார்கள். ஆகவே காலையில் திறந்தவுடன் நுழைவதே சரி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களின் கூட்டம் அதிகம், அந்த மாதங்களில் நின்று பார்க்கவே முடியாது. இரண்டு குடும்பத்துக்கு ஓர் உதவியாளர் வேண்டும். வழிகாட்டிகளிடம் ‘முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும், பிறகு நீங்கள் சொல்லுங்கள்’ என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டால் சந்தோஷமாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பூமுகமும் கருந்தளமும் போதும். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கும் கஷ்டம், தூக்கிக்கொண்டு நடக்கும் அப்பாவுக்கும் கஷ்டம்.

அதே நாளில் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னோம், அது தனி நாளுக்குரியது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் இறந்தது 1777இல். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதுதான் அங்கே முதல் வேலையாக இருக்கும். தை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன் போவதாகப் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து, எல்லோருமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னது அந்தப் பாட்டாதான்.